காந்தப் பள்ளியும் பிரஷர் குக்கரும்

அந்தப் பள்ளிக்கூடம் இன்று இல்லை. கட்டிடத்தில் ஏதோ அலுவலகம் நடக்கிறது. ஒரு காலத்தில் பிள்ளைகள் சேராமல் காற்றாடிக் கிடந்த பள்ளி அது. வேறெங்கும் இல்லாத பாடங்களை வைத்து ஹூஸ்டனின் நாலா மூலையிலிருந்தும் பிள்ளைகளை இழுத்தார்களாம். அதனால் மேக்னட் ஸ்கூல். சமையற்கலை, வானொலி, எல்லாவற்றுக்கும் மேலாக விமானப் பழுதுபார்ப்பு. பட்டறையில் நிஜ விமானமே இறக்கை கழற்றி நின்றது. எட்டாம் வகுப்பில் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா அதைக் காந்தப் பள்ளி என்று தமிழாக்கினாள். பேர்லேண்ட் கோயிலில் ஒரு ஆன்ட்டி அதைக் காந்தி பள்ளி என்று காதில் வாங்கி, ஹில்கிராஃப்ட்டில் நம் கடைகள் இருக்கும் காந்தி வட்டாரத்திலா என்று விசாரித்தார்.

இத்தனை பேர்பெற்ற பள்ளிக்கு நுழைவுத்தேர்வு இல்லாமலா என்று அப்பா தானாகவே முடிவு செய்துகொண்டார். ஆயிரம் வரி புரோகிராமைப் பிழையில்லாமல் எழுதுகிறவர், விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. மூன்று மாதம் சனி, ஞாயிறு பாராமல் என்னைக் கணக்குப் போடவைத்து வறுத்தெடுத்தார்.

நான்கு பென்சில் சீவிக்கொண்டு போனேன். அங்கே வினாத்தாளே இல்லை. மேடையில் ஒரு டீச்சர் கம்பிக்கூண்டைச் சுற்றினார். எண் எழுதிய பந்துகள் உருண்டன. விழும் பந்துக்குத்தான் சீட். விமானப் பிரிவில் ஒரே இடம் மிச்சமிருந்தபோது அப்பா என் கையைப் பிடித்தார். விரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கினார். மூன்று மாதம் வீணாய்ப் போன கோபம் என்று நினைத்தேன்.

டீச்சர் பந்தை எடுத்துப் படித்தார். என் எண்.

அப்பா நாற்காலிமேல் ஏறிக் கைதட்டினார். முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார். காரில் ஏறியதுமே சென்னையிலிருக்கும் அத்தைக்கு ஃபோன் போட்டு, நான் செலக்ட் ஆகிவிட்டேன் என்று முழங்கினார். எனக்கோ உறுத்தியது. எல்லாம் லக்குதானே, நான் ஒன்றும் எழுதவில்லையே என்றேன்.

“அதனால என்னம்மா? நானும் குலுக்கல்ல வந்தவன்தானே.”

கோயில் பொங்கல் விழாக் குலுக்கலில் அப்பாவுக்கு ஒரு பிரஷர் குக்கர் விழுந்திருந்தது. அதைச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இன்று நான் விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறேன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. போன வருடம் என் தோழி ஒருத்தி இங்கே வேலை பார்ப்பதற்கான எச்-1 விசாவுக்குக் காத்திருந்தபோதுதான், அதற்கும் குலுக்கல் உண்டு என்று அறிந்தேன். அம்மாவைக் கேட்டேன். எங்களை அமெரிக்கா கூட்டிவர அப்பா அதே விசாவுக்கு விண்ணப்பித்தபோது இரண்டு வருடம் அவர் பெயர் விழவில்லையாம். மூன்றாம் வருடம்தான் விழுந்ததாம்.

அன்று அந்த அரங்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு, குக்கரைச் சேர்க்காமல், அப்பா தன் நாலாவது குலுக்கலுக்குக் காத்திருந்தார்.