அண்ணன் தாண்டிய மழைக் கதை

மழையில் மலையேறி வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அண்ணன் அவர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மனம் நிலைகொள்ளவில்லை, பிழையிருந்தால் பொறுத்தருள்க.

அண்ணன் முசிறிப் பக்கம் பிறந்தவர்கள். சிறுவயதில் பெற்றோருடன் கடல் கடந்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். அய்யா காய்ச்சலில் மறைந்ததும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி எங்களைக் காத்தார்கள். என்னைப் பதுளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆண்டுதோறும் கோயில் முன், கூத்தில் கேட்டறிந்த ஐவர் கதையைச் சொல்வார்கள்.

நான் பதுளைக் கடையில் அதே கதையின் அச்சுப் புத்தகங்கள் இரண்டு வாங்கினேன். தண்ணீரில் வழுக்கி விழுந்த பகைவனைப் பார்த்து ஒன்றில் ராணி சிரிக்கிறாள். மற்றதில் பணியாட்கள் சிரிக்கிறார்கள். அண்ணன் கதையிலோ ராணி அவனுக்குத் துவட்டத் துண்டு கொடுக்கிறாள்! எது மெய்? எனக்குத் தூக்கம் போயிற்று. இன்னொன்றும் கண்டேன். ஐவர் மறைந்து வாழ்ந்த ஆண்டே அண்ணன் கதையில் இல்லை.

"அண்ணே, ஒரு வருசத்தையே முழுங்கிட்டீங்களே!"

"அது மழைக்கு வாசிக்கிறதுடா. ஊர்ல வானம் காஞ்சா வாசிப்பாங்க. இங்க வாசிச்சா நம்ம லயத்து வீடுங்க மேல நிக்கிற மேடு சரிஞ்சா யாரு புடிக்கிறது? உங்க வாத்தியாரா?"

இந்த ஐப்பசியில், கதையில் ஐவர் வனத்திலிருக்கும்போதே அண்ணன் மார்ச்சளியில் படுத்துவிட்டார்கள். எடுத்த கதை பட்டாபிஷேகம் காணாமல் நின்றால் சொன்னவருக்கு ஆகாது என்பார்கள். வருடந்தோறும் ஒரு பகுதியை விட்டதால்தான் இப்படியோ என்று மதினிக்குப் பயம்.

"தம்பி, நீங்க படிச்சவரு. ஒண்ணும் விடாம முடிச்சுடுங்க. அவரு பொழைக்கணும்."

புத்தகத்தில் அடுத்தது மழைப் பகுதி. வெளியே ஏற்கெனவே அடைமழை, மேட்டில் விரிசல். வாசித்தால் லயம் போகும், விட்டால் அண்ணன். அண்ணனிடமே போய்க் கேட்டேன்.

"புஸ்தகத்தை மூடுடா. வாசிச்சாத்தானே மழை? அவங்க ஒளிஞ்சிருந்தது நம்ம தோட்டத்துலன்னு சொல்லு."

கோயில் முன் போய் அப்படியே சொன்னேன். மூத்தவர் கணக்கப்பிள்ளை, அடுத்தவர் துரை பங்களாவில் சமையல், இன்னொருவர் குதிரைக்காரர், ராணி கொழுந்து பறிக்கிறாள். "பேரை மாத்திக்கிட்டு ஒரு வருசம் இருந்தாங்க" என்றேன்.

முன்னால் இருந்த அத்தை ஒருவர், "ஒரே வருசத்துல விட்டுட்டாங்களா? குடுத்து வச்சவங்க!" என்றார். கோயிலே சிரித்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணனும் சிரித்தார்கள், சிரிப்பு இருமலாயிற்று. "நிறுத்தாத, போ" என்று கைகாட்டினார்கள்.

மேடு சரியவில்லை. கதையில் போரும் முடிந்தது. பட்டாபிஷேகம் சொல்லவிருந்த அன்று பகலில் அண்ணன் போய்விட்டார்கள்.

கஷாயம் வைத்துக் கொடுத்த லயத்துத் தாய்மார்க்கும், வழுக்குப் பாதையில் அண்ணனைச் சுமந்தவர்களுக்கும், கேட்குமுன் கோடித் துணி அனுப்பிய பதுளைக் கடை முஸ்லிம் நானாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது.

இன்றோடு தீட்டுக் கழிகிறது. இனி யாருக்காக முடிப்பது என்கிறார்கள் மதினி. ஆயினும் சாப்பிட்டதும் போய்விடாதீர்கள். மாலையில் பட்டாபிஷேகம் சொல்லப்போகிறேன். நடுவில் என் குரல் நின்றுவிட்டால், தெரிந்தவர்கள் தெரிந்தபடி தொடர்ந்து சொல்லுங்கள்.