பேர் வெட்டப் போன பீங்கான் தட்டுகள்

அன்றைக்கு என் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என்னோடு வேலை பார்க்கும் செல்வியக்கா. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி. அவருடைய மச்சினர்.

மச்சினர் கையில் ஒரு சாக்கு. அப்படியே தரையில் கவிழ்த்தார். கலகலவென்று விழுந்தது... நான் செய்த தட்டுகள்தான். எல்லாம் சில்லு சில்லாக.

மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நூறு பீங்கான் தட்டுகள் கேட்டிருந்தார் அண்ணாச்சி. ஒவ்வொன்றும் கையால் செய்தது. விளிம்பில் பருத்திப் பூ — டிசைன் என்னுடையது. பாதிப் பணம் கொடுத்துவிட்டு நூறையும் எடுத்துப் போயிருந்தார்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். சூளையைத் திறக்கும்வரை பயம். வேன் பள்ளத்தில் இறங்குமோ என்று பயம். தட்டுகளைப் பொதிய வைக்கோல் போதுமோ என்று பயம். ஆனால் இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்கே தோன்றவில்லை.

"பாத்திரக் கடையில பேரு வெட்டக் கொடுத்தோம்வே. மெஷின் ஊசி பட்டதும் விண்டு போச்சு" என்றார் மச்சினர்.

பேர் வெட்டவா? எவர்சில்வர் சட்டிக்கு வெட்டுகிற மெஷினில்... பீங்கானையா?

"எத்தன போச்சு அண்ணாச்சி?" என்றேன்.

"பதினொண்ணு."

செல்வியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மொதத் தட்டு உடைஞ்சதுமே நிப்பாட்டக் கூடாதா?"

"ஏட்டி, அடுத்தது தாங்கும்னு பாத்தோம். பேரு வெட்டத் தாங்காததெல்லாம் ஒரு தட்டா?" என்றார் அண்ணாச்சி.

"பந்தியில அப்பளம் போடுவீயல்லா, அதுலயும் வெட்டிப் பாருங்க!" என்றார் செல்வியக்கா.

மச்சினர் என் பக்கம் திரும்பினார். "டிசைனராம்லா... எத்தனாப்பு படிச்சிருக்கீரு?"

ஒன்பதாம் வகுப்பில் நின்றவன் நான். அதற்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பெயரைத் தட்டின் அடியிலேயே எழுதிச் சுட்டுத் தந்திருப்பேன். யார் கேட்டார்கள்? பொருள் முழுசாகப் போய்ச் சேருகிறதா என்பதல்ல நம் ஆட்களின் கவலை. வாங்கினவன் கழுவும்போதெல்லாம் கொடுத்தவன் பெயரைப் படிக்கிறானா — அதுதான் கவலை.

"பாக்கிய மறந்துரும் தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பிவிட்டார். அந்தப் பாக்கி இருபத்து நாலாயிரத்தில்தான் செல்வியக்காவின் சம்பளம் இருந்தது. கேஸ் கடைக்காரரின் கடனும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஆர்டர் கொடுத்தபோதே எனக்குப் பத்திரிகை வைத்திருந்தார். போனேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் கையிலெல்லாம் பை. பைக்குள் என் தட்டு! தப்பிப் பிழைத்த அத்தனையையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் அண்ணாச்சியின் பெயர் — ஸ்டிக்கரில்.

நேராக மொய் எழுதுகிற மேசைக்குப் போனேன். அன்றைக்குப் பயம் இல்லை.

"எவ்வளவு எழுதட்டும் தம்பி?" என்றார் எழுதுகிறவர்.

"ஐந்நூறு" என்றேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "தட்டுக்குத் தர வேண்டிய பாக்கியில கழிச்சுக்கிடச் சொல்லுங்க."

அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மீதி, இன்னும் இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.