மார்த்தாக்காவைச் சுற்றிப் போகச் சொன்ன தெரு

நான் வாழ்க்கைப்பட்ட செவிலிமேட்டு வீட்டுக்குக் காலையில் வந்த தொலைபேசி அழைப்பை எடுத்ததும் ரூத் ஒரே வரியில் சொன்னாள்: "அக்கா, அம்மா போயிடுச்சி." அவளுடைய அம்மா மார்த்தாக்கா எழுபதைக் கடந்தவர், சில மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர். அந்தச் சாவில் எனக்குத் துக்கம் மட்டும்தான். கோபம், அன்று மாலை நடந்ததைப் பற்றியது.

அவரை அறிந்தவர்களுக்குக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் நெசவாளர்களான நாங்கள் குடியிருந்த தெருவும், காலனிக்குப் போகும் சந்தும் சேருகிற முனையில் இருந்தது அது. தகரக் கூரை, முன்னால் ஒரு பலகை, பலகைமேல் கமர்கட்டும் தேன்மிட்டாயும் நிறைந்த பாட்டில்கள். பள்ளி விட்டு வரும்போது பக்கத்துச் சாயப் பட்டறையின் கால்வாயை எட்டிப் பார்ப்போம். ஒருநாள் அரக்குச் சிவப்பு ஓடும், மறுநாள் கிளிப்பச்சை. அன்றைய நிறத்திலேயே மிட்டாய் வாங்குவது எங்கள் விளையாட்டு. "இன்னிக்கி என்னா கலர் ஓடுது?" என்று கேட்டுவிட்டுத்தான் மார்த்தாக்கா பாட்டிலைத் திறப்பார்.

அப்போது நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிடவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். பெரியவர்களைப் போலவே எட்டு வயதுப் பிள்ளைகளும் "ஏ மார்த்தா" என்றோம். காசைக் கையில் கொடுக்காதே, பலகைமேல் வை என்று அம்மா சொல்லி அனுப்புவாள். ஒருநாள் நான் வைத்த காசை அவர் தொடவே இல்லை. "பலகைகிட்டயே மிட்டாய் கேளு பாப்பா. எடுத்துக் குடுக்குதான்னு பாக்கலாம்," என்றார். சிரிக்கவில்லை. நான் காசை எடுத்து அவர் கையில் வைத்தேன். வீட்டில் வந்து இதைச் சொன்னதற்கு முதுகில் அடி விழுந்தது.

அந்தக் கை எங்களுக்குத் தேவைப்பட்ட நாளும் உண்டு. காலை வேளைகளில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்கள். ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. இருந்த ஆட்கள் போதவில்லை. "மார்த்தா, ஓடியா, இத புடி!" என்று கத்தியவர் என் அப்பா. மார்த்தாக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். பாவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து எங்கள் வீட்டுக் கூடம்வரை கொண்டுவந்து சேர்த்தார். அந்த இழைகள் யாரோ ஒரு மணப்பெண்ணின் கூறைப் புடவை ஆகியிருக்கும். பாவைக் கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கூடத்தை மட்டும் அம்மா கழுவிவிட்டாள்.

கல்லறைத் தோட்டம் எங்கள் தெருவின் மறுகோடியைத் தாண்டி இருக்கிறது. நேராகப் போனால் ஐந்து நிமிட நடை. அவர் இறந்த அன்று மாலை, சவப்பெட்டியைச் சுமந்தவர்களோடு ரூத்தும் நானும் வந்தபோது, தெருமுனையில் நாற்காலிகளைக் குறுக்கே போட்டு ஐந்தாறு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் என் அண்ணன்.

"கோயில்ல கொடி ஏத்தியிருக்குது. பொணம் இந்த வழியா வரக்கூடாது. பட்டறைக்குப் பின்னால சுத்திப் போங்க," என்றார்.

"போன வருசம் கொடி ஏத்தினப்புறம்தானே பெரியப்பா செத்தாரு? இதே தெருவுலதானே தூக்கிக்கினு போனீங்க?" என்று கேட்டேன்.

"அது வேற."

"எது வேறண்ணா? வாய உட்டுச் சொல்லு."

"நீ கல்யாணம் பண்ணிக்கினு போனவ. உனக்கு இங்க என்னா பேச்சு? வூட்டுக்குள்ள போமா."

சன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை. சுமந்தவர்கள் தோள் மாற்றி நின்றார்கள். ரூத் என் கையைப் பிடித்தாள். "உடுக்கா. இவங்க எதுர்ல அம்மாவ இன்னும் நிக்க வெக்க எனக்கு மனசு வரல." பெட்டி திரும்பியது. பட்டறைக்குப் பின்னால் சாயத் தண்ணீர் தேங்கிய சேற்றில் கணுக்கால் புதைய நடந்தோம். இரண்டு முறை பெட்டி சரிந்தது. இரண்டு முறையும் ரூத், "அம்மா!" என்று கத்தினாள்.

மறுநாள் காலை, மூடிய கடையின்மேல் ஒரு பேனர் தொங்கியது. மார்த்தாக்காவின் படம். "எங்கள் அன்புச் சகோதரிக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே, "தெரு பொதுமக்கள்." உயிரோடு இருந்தவரை "ஏ மார்த்தா"; மண்ணுக்குள் போனதும் சகோதரி! நான் ரூத்தைப் பார்த்தேன். "அவுத்துடலாங்க்கா," என்றாள். இருவரும் கயிற்றை அறுத்துக் கீழே இறக்கினோம். அண்ணன் ஓடிவந்தார்.

"மரியாத பண்ணாலும் தப்பாமா?"

"நேத்து பண்ணியிருக்கணும்," என்றாள் ரூத்.

கல்லூரியில் படித்தபோது ஒருமுறை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் வீட்டார் நடந்துகொண்டதற்காக மார்த்தாக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட தனியா சொல்லி என்னாமா ஆவப் போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. உங்க தெருவுல நாலு பேரு எதுர்ல சொல்லு."

இத்தனை வருடங்களாக நான் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதனால் இதை என் பெயரைப் போட்டே எழுதுகிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் படிப்பார்கள். அண்ணனும் படிப்பார்.