அத்தைக்குக் கேட்ட குரல்

மனநல வார்டு வாசலில் நர்ஸம்மா நீட்டிய எவர்சில்வர் தட்டில் அத்தையின் கண்ணாடி வளையல்கள், கொண்டை ஊசி, கடைசியாகப் பாவாடை நாடா விழுந்தன. நாடாவை ஏன் கழற்றச் சொன்னார்கள் என்று எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. நாங்கள் உள்ளே போனதும் இரும்புக் கதவைப் பூட்டினார்கள். நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவர் தங்க வேண்டும் என்பது அங்கே விதி.

2009. நான் சிதம்பரத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான்; அந்தப் பெருமை எனக்கு உண்டு. காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த அத்தை, இல்லாத யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பித்தபோது, மாமா மந்திரிக்கிற இடத்துக்கு அழைத்துப்போகக் கிளம்பினார். அங்கே சங்கிலியில் கட்டிவைப்பார்கள். நான் குறுக்கே நின்றேன்.

"ஒரு வாரம் பாக்கறேன். கொறையலன்னா இட்டும்போயிடுவேன்" என்றார் மாமா.

கூச்சல் இருக்குமென்று பயந்து போனேன். இல்லை. மாத்திரை விழுங்கியவர்கள் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டார்கள். கண்ணாடியே கிடையாது, மூன்றாம் நாள் என் முகம் எப்படியிருக்கும் என்று கையால் தடவிப் பார்த்தேன். எதிர்க்கட்டில் அம்மா தினமும் கேட்பார், "ஒனக்கு என்னா கேக்குது?" நான் துணைக்கு வந்தவள் என்றால் சிரிப்பார். "நானும் தொணைக்குத்தாம்மா வந்தேன்."

ஆறாம் நாளும் அத்தை சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் மாமா வந்துவிடுவார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரின் காதருகே குனிந்து, "டாக்டர் கேட்டா ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிடு, அத்த" என்றேன். தலையாட்டினார்.

மறுநாள் காலை மாமா பக்கத்தில் நிற்க, டாக்டர் கேட்டார். "ஒண்ணும் கேக்கலன்னு சொல்லச் சொல்லுது, சார்" என்றார் அத்தை.

"யாரு சொல்றது?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அந்தக் கொரலுதான். எப்பவும் இவ கொரல்லதான் என்னக் கூப்புடும்."

டாக்டர் எழுதப்போனார். பேசாமல் நின்றால் என் பொய் அத்தையின் நோயாகிவிடும். பேசினால் மாமா அழைத்துப்போய்விடுவார்.

"நேத்து சொன்னது நான்தான், சார்."

"படிச்ச லட்சணம் இதானா?" என்று மாமா பையைத் தூக்கினார்.

அத்தை என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். "நெசமா நீதான் பேசினியா? அப்ப கேக்கறது எல்லாமே அது இல்ல." மாமாவிடம் திரும்பி, "நான் வரல. இங்கியே இருக்கறேன்" என்றார்.

ஐந்து வாரம் இருந்தார். மூன்று வருடமாகிறது. மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார், களத்துக்குப் போகிறார். நான் அவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. எதிரே நின்று, கையைத் தொட்ட பிறகே பேசுகிறேன். போனில் மட்டும் அது முடிவதில்லை. 'அத்த' என்றதும் அந்தப் பக்கம் சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்கும்.

"நீதானா?" என்பார்.

நான்தான் என்பேன். அதுவும் அப்படித்தான் சொல்லும்.