திருகாணியில் ஒரு சொட்டுச் சிவப்பு

பொம்பளையின் கைப்பையில் மடக்குக் கத்தி எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. கொய்யாப்பழம் நறுக்க என்பேன். நம்பாமல் முறைப்பவர்களிடம், இப்படிக் கேள்வி கேட்பவர்களுக்காகத்தான் என்பேன். நிஜம் என்னவென்றால், அது நான் ஜெயித்த கத்தி. பத்து வயதில், எங்கள் வீட்டு ஆம்பளைகள் இரண்டு பேரைத் தோற்கடித்து ஜெயித்தது. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

முதலில் அது அத்தாவின், அதாவது என் அப்பாவின், கத்தி. திண்டுக்கல்லில் எங்களுக்குத் தோல் மண்டி. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கயிற்றை அறுக்க, ஓரத்துப் பிசிறை நறுக்க என்று அத்தா அந்தக் கத்தியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். கொம்புப் பிடி, விரல் நீளத்தில் அலகு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரே ஒரு திருகாணி. வில்லங்கமெல்லாம் அந்தத் திருகாணியில்தான். அழுத்தி முடுக்கினால் கத்தியை விரிக்க முடியாது, நகம் பிய்ந்துவிடும். கொஞ்சம் தளர்த்தினால் அழகாக விரியும், ஆனால் நாலு தடவை விரித்து மடக்கியதும் தானாகவே கழன்று அலகு ஆடத் தொடங்கும். ஒருநாள் மண்டியில் கயிறு அறுக்கும்போது அலகு சடாரென்று மடங்கி அத்தாவின் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது.

அன்று மதியம் கட்டுப் போட்ட கையால் ஸ்பூனைப் பிடித்துச் சோறு தின்றுகொண்டிருந்த அத்தா, கத்தியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இதை ஆடாம நிக்க வைக்கிறவன் எவனோ, அவனே இதை வச்சுக்கட்டும்" என்றார். நான் கையைத் தூக்கினேன். அத்தா சிரித்தார். அண்ணன் அதைவிடச் சத்தமாகச் சிரித்தான். "நீ போயி வெங்காயத்தை உரிடி" என்றான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறோம் என்கிற திமிர்.

அன்றிலிருந்து அந்தக் கத்தி எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்பு அதை நான் ஏறெடுத்துப் பார்த்ததுகூட இல்லை.

அண்ணனின் வைத்தியம் ஒரு வாரம் நடந்தது. அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முடுக்குவான். விரியாது. தேங்காய் எண்ணெய் விடுவான். விரியும். சாயங்காலத்துக்குள் ஆடும். திரும்ப முடுக்குவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். எனக்கு வைத்தியம் தெரியும். அவனுக்குச் சொல்வேனா?

எனக்கு அதைக் காட்டியது சாச்சி. சாச்சி என்றால் அத்தாவின் தம்பி மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாச்சா வாரத்தில் பாதி நாள் தோல் லோடோடு வாணியம்பாடிக்குப் போய்விடுவார், அந்த நாட்களில் சாச்சியின் பேச்சுத்துணை நான்தான். பள்ளிக்கூடத்தில் என் தோட்டின் திருகாணி கழன்று எங்கோ விழுந்து, அதற்காக நான் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று, சாச்சி புதுத் திருகாணியின் மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து மாட்டிவிட்டாள். "காஞ்சுருச்சுன்னா நீயாக் கழட்டுனாத்தான் உண்டு, அதாக் கழலாது" என்றாள். கழலவே இல்லை.

அந்த நெயில் பாலிஷ் சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. ஆனால் எல்லா நாளும் வெளியே வராது. நகத்தைச் சாயம் மூடினால் தண்ணீர் படாது, தண்ணீர் படாவிட்டால் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு கூடாது, ஒளு இல்லாமல் தொழ முடியாது. அதனால் மாதத்தில் பெண்களுக்குத் தொழுகை இல்லாத அந்த நாலைந்து நாட்களில் மட்டும் சாச்சி பத்து விரலுக்கும் பூசிக்கொள்வாள். தலை குளிக்கிற அன்று சுரண்டிவிடுவாள். அவை என்ன நாட்கள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவதுபோல் பெரியவர்களுக்குத் தொழுகைக்கு லீவு விடுகிறார்கள், சாச்சிக்கு லீவைக் கொண்டாடத் தெரிகிறது, அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சாச்சியின் விரல்களைப் பார்த்து "இந்த மாசமுமா?" என்பாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், யாரோ சொந்தக்காரரிடம், "இந்த மாசமும் செவப்புத்தான்" என்பாள். தொழாமல் இருக்கிறதுக்குத்தான் சாச்சியைக் கரிக்கிறாள் என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஒருநாள் சாச்சி அந்தப் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தாள். "நீயே வச்சுக்க. எனக்கு இனிமே வேணாம். அம்மா கண்ணுல காட்டிறாத" என்றாள். தொழுகை பழகும் வயது வந்துவிட்டது என்று அம்மா எனக்கு நகச் சாயத்துக்குத் தடை போட்டிருந்த நேரம். தடை போட்டதைக் கையில் வைத்திருக்கும் ருசியே தனி. ஜியாமெட்ரி பாக்ஸில் பதுக்கினேன். சாச்சிக்கு இந்த வீட்டில் என் மேல்தான் உசுரு என்று முடிவு கட்டிவிட்டேன். அது நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் இந்தக் கத்திக் கூத்து.

வெள்ளிக்கிழமை மண்டிக்கு லீவு, அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அத்தாவும் அண்ணனும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிப் போனார்கள். கத்தி அலமாரி மேல் இருந்தது. நான் திருகாணியை முழுசாகக் கழற்றினேன். அண்ணன் ஊற்றியிருந்த எண்ணெயை அம்மாவின் தையல் துணுக்கால் பிசுபிசுப்பு போகத் துடைத்தேன். மரையில் ஒரே ஒரு சொட்டு. மாட்டி, மெல்ல முடுக்கி, விரித்து மடக்கிப் பார்த்து, சிக்கவும் சிக்காமல் ஆடவும் ஆடாமல் நின்ற இடத்தில் விட்டுவிட்டேன். திருகாணித் தலையைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்பு வளையம் கசிந்து நின்றது. இதை எவன் பார்க்கப் போகிறான் என்று எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலையில் அத்தா கத்தியை விரித்தார். மடக்கினார். பத்துத் தடவை. அலகு அசையவில்லை. "அட!" என்றார். அண்ணன் கூச்சமே இல்லாமல், "வியாழக்கிழமை நான் முடுக்குன முடுக்கு அப்படி, அத்தா" என்றான். அத்தா அவன் தோளில் தட்டி, கத்தியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"பொய்யி! நான்தான் செஞ்சேன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எப்படிச் செய்தாய் என்று அத்தா கேட்டார், விளையாட்டுக்குக் கேட்பதுபோல. வாயை மூடினால் கத்தி போகும், திறந்தால் பாட்டில் போகும். நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஓடிப்போய் பாட்டிலை எடுத்து வந்து நடுவீட்டில் தூக்கிக் காட்டினேன். "திருகாணியைச் சுத்திப் பாருங்க, இந்தச் செவப்பு இருக்கும். இருக்கா இல்லையா?"

அத்தா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இருந்தது. அண்ணனின் முகம் போன போக்கை நான் ஆசை தீரப் பார்ப்பதற்குள், அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். அவள் கத்தியைப் பார்க்கவே இல்லை. "இது ஏதுடி உனக்கு?"

"சாச்சி குடுத்தாங்க. அவங்களுக்கு இனிமே வேணாமாம்" என்றேன்.

அம்மாவின் கை என்னை விட்டுவிட்டது. அடி விழும் என்று கண்ணை மூடியிருந்தேன். திறந்து பார்த்தால், அடுப்படி வாசலில் நின்ற சாச்சியை அம்மா கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "அல்ஹம்துலில்லாஹ்! நெசமாவாடி? ரெண்டு மாசமா விரலு வெறுசா இருக்கேன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். அம்மா ஒரு கையால் சாச்சியைப் பிடித்தபடியே இன்னொரு கையால் போனைத் தேடினாள். ஒரு கத்திக்கா இம்புட்டுச் சந்தோஷம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இல்லக்கா" என்றாள் சாச்சி.

அம்மாவுக்குக் காதில் விழவில்லை.

"இல்லக்கா! ஒண்ணும் இல்ல. இன்னைக்குக்கூட எனக்குத் தொழுகை இல்ல. மாசாமாசம் என் விரலைப் பாத்துப் பாத்து ஊருக்கெல்லாம் போன் போட்டீங்க, அதான் பூசுறதை விட்டேன். நான் என்ன திருட்டா பண்ணேன், ஒளிச்சு வைக்கிறதுக்கு?"

சொல்லிக்கொண்டே வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கட்டை விரலில் ஆரம்பித்துப் பத்து விரலுக்கும் பூசினாள். நிதானமாக, ஓரம் ஒழுகாமல். அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் மண்டிக்குப் போய்விட்டார். அம்மா போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பத்தாவது விரல் முடிந்ததும் சாச்சி ஊதிக்கொண்டே அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "கத்தியை அவகிட்ட குடுடா. ஆடாம நிக்க வச்சது அவ." அவன் கொடுத்தான்.

பாட்டில் எனக்குத் திரும்பி வரவில்லை. அதன்பிறகு சாச்சி எல்லா மாதமும் நடுவீட்டில் உட்கார்ந்துதான் பூசினாள். "இந்த மாசமுமா" என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்று என் வாயிலிருந்து விழுந்த வார்த்தை சாச்சியை என்ன சொல்ல வைத்தது என்று எனக்குப் புரிய, எனக்கே கல்யாணமாகி, என் விரலையும் நாலு பேர் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கட்டும் என்று நானும் பத்து விரலிலும் பூசிக்கொண்டேன்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. சாச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கத்தி சரியானதற்கு அம்மா ஏன் உங்களைக் கட்டிப் பிடித்தாள், என்னையல்லவா கட்டிப் பிடித்திருக்க வேண்டும் என்று கேட்டேன். சாச்சி தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஆமால்ல" என்றாள். "சந்தோஷத்துல அம்மாவுக்கு ஆளு மாறிப்போச்சு." பிறகு என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் கழுத்தில் அவள் கண்ணீர் பட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். நான் ஒரு கத்தியைச் சரி பண்ணினேன், எங்கள் வீட்டில் சந்தோஷம் தாங்காமல் இரண்டு பேர் அழுதார்கள் என்று.