காலியாக இருந்த ரோடு

நான் வேலை செய்யும் கண் கிளினிக்கில் ஒரு சார்ட் உண்டு. அதில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே அளவு, பெரியவை. மேல் வரிசை கன்னங்கரேலென்று இருக்கும். கீழே வர வர மை வெளுத்து, சாம்பலாகி, கடைசியில் வெள்ளை அட்டையோடு கரைந்துவிடும். மூன்றாவது வரிசை முடிந்ததும் சித்தப்பா முகவாயை உயர்த்திப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கீழ ஒண்ணும் எழுதல போலக்கீதே" என்றார். பாதி அட்டை மிச்சம் இருந்தது.

சித்தப்பா அடையாறில் ஆட்டோ ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிண்டிப் பக்கம் இருந்த காலேஜுக்குத் தன் ஆட்டோவிலேயே கொண்டுபோய் விடுவார். ஸ்டாண்டில் நிற்பவர்களிடம், "டாக்டர் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பார். டாக்டர் இல்லை, கண் பரிசோதனைதான் படிக்கிறேன் என்று நான் திருத்தினால், "அத்த மெதுவா சொல்லு நைனா, கேட்டுறப் போறானுங்க" என்று சிரிப்பார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், மழை தூறிய ஒரு சாயங்காலம், அடையாறு பாலத்துக்குச் சற்று முன்னால் அவருடைய ஆட்டோ ஒரு பெண்மணியின் மேல் மோதியது. சாம்பல் நிறப் புடவை, நனைந்த தார் ரோடு, அதே நிறத்தில் வானம். அந்த அம்மா பிழைக்கவில்லை. சித்தப்பா குடிப்பவர் அல்ல, வேகமாகப் போகிறவரும் அல்ல. ஸ்டேஷனிலும் வீட்டிலும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "ரோடு காலியா இருந்துச்சு. எங்கிருந்தோ குறுக்க ஓடியாந்துடுச்சு." ஓரத்தில் இளநீர் விற்றவரோ, அந்த அம்மா ரோட்டைக் கடக்க வெகுநேரமாக நடுவில் நின்றிருந்தார் என்றார். லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் கண் பரிசோதனையில் கடைசி வரிப் பொடி எழுத்தைக்கூடத் தடுமாறாமல் படித்தவர் சித்தப்பா. அதனால் என் அப்பாவே தம்பியை நம்பவில்லை. "கண்ணு நல்லாத்தான கீது? பராக்கு பாத்துக்கினு ஓட்டிட்டு கத சொல்றான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவரைக் கிளினிக்குக் கூட்டிவந்தேன். வெள்ளையில் கறுப்பைப் படிப்பது பார்வையில் ஒரு பகுதிதான். ஒரு பொருளுக்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே போனால், யாருடைய கண்ணும் ஓர் இடத்தில் கைவிட்டுவிடும். சித்தப்பாவுடையதைப் போலப் புரை விழத் தொடங்கிய கண் இன்னும் சீக்கிரமே கைவிடும். அப்போது அங்கே எதுவோ மறைந்திருப்பதாகக்கூடத் தோன்றாது. ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

இதைச் சொன்னபோது எனக்குள் சந்தோஷம்தான் இருந்தது. "நீ பொய் சொல்லல சித்தப்பா. உனக்குத் தெரியல, அவ்ளோதான்."

அவர் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தம்மா ஓடியார்ல" என்றார். "நின்னுக்கினுதான் இருந்துச்சு." பிறகு, "லைட்டு போட்டுக்கினுதான வந்தேன். நான் பாத்துட்டேன்னு நெனச்சிருக்கும்" என்றார்.

குறுக்கே ஓடிவந்த அந்த உருவத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அத்தனை நாள் நடமாடியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புரையை எடுத்தாயிற்று. பார்வை தெளிந்துவிட்டது. ஆனால் ஆட்டோவை அவர் மறுபடி தொடவில்லை. சாயங்காலம் இருவரும் ரோட்டைக் கடக்க நேர்ந்தால் என் கையைப் பிடித்து நிறுத்துவார். வண்டி எதுவும் இருக்காது. "நல்லாப் பாருடா, அங்க யாருனா நிக்கிறாங்களா?" என்பார்.

பார்ப்பேன். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.