விபத்தே நடக்காத ரிக்

எண்பதுகளில் டெல்லியில், எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனமொன்றின் தலைமை அலுவலகத்தில் விழாக்களுக்கு நான் பொறுப்பு. யார் எங்கே நிற்பது, எந்தக் கையால் வாங்குவது என்ற நடைமுறையெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த வருடம், விபத்தே நடக்காத ரிக்குக்கு, அதாவது கிணறு தோண்டும் தளத்துக்கு, மந்திரி கையால் கேடயம். வாங்க வந்த தொழிலாளி முருகேசன், கடலூர்க்காரர். ஒத்திகையில் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவேயில்லை.

“மந்திரிகிட்ட இடது கையை நீட்டுவீங்களா? கையை வெளியே எடுங்க!” என்று அதட்டினேன்.

எடுத்தார். கட்டைவிரலைத் தவிர வேறு விரலே இல்லை.

“குழாயை முறுக்கும்போது சங்கிலியில மாட்டிக்கிச்சு சார். மறுநாளே கட்டோட கூட்டிட்டு வந்து ஆபீஸ் நாற்காலியில உட்கார வெச்சுட்டாங்க. லீவு போடாம வேலைக்கு வந்தவனுக்கு விபத்தே நடக்கலைன்னு கணக்காம், நஷ்டஈடும் கிடையாதாம். மந்திரியாவது பார்த்துட்டுக் கேப்பாருன்னுதான் வந்தேன்.”

மேலதிகாரியிடம் ஓடினேன்.

“அச்சா, ஷால் போடுவீங்களே, அதைக் கை மேல இழுத்து விடுங்க. ஜல்தி!”

விழா மேடையில் ஷாலைப் போர்த்தி, கை மேல் இழுத்துவிட்டேன். மடிப்பு எங்கே விழவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். மந்திரி ஷாலின் மேல் கேடயத்தை வைத்துவிட்டு, காமிராவைப் பார்த்துச் சிரித்தார். அரங்கமே கைதட்டியது.

ஓய்வுபெற்ற பிறகும், ‘எங்களிடம் விபத்தே கிடையாது’ என்று எவராவது பெருமையடித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. முதலில் எல்லோரும் கையை வெளியே எடுங்கள் என்று கத்தத் தோன்றுகிறது.